விழுந்த பெருமரம் அரியும் செயின்சோவுக்கு எத்தனை அங்குலப் பார்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரிக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் குளக்கட்டில் ஒரு மருது வேரோடு சாய்ந்து கிடக்கும். கையில் இருக்கும் செயின்சோவில் 18 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). அடிமரத்தைப் பார்த்ததும் "இது காணாது, 30 அங்குலம் வாங்கிப் போடுவம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வீண்செலவும் ஆபத்தும் பெரும்பாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகின்றன. இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில் விழும் மரங்களில் முக்காற்பங்குக்கு மேல் 20 அங்குலப் பாரால் அரியக்கூடியவை என்பது எங்கள் கணிப்பு. மெசினின் வலுவைப் பார்த்துப் பாரை எடுக்கவேண்டும். மரத்தின் பருமனைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

முதல் பிழை அளவிலேயே நடக்கிறது. எங்கள் ஊர்களில் மரத்தின் பருமனைச் சுற்றளவில்தான் சொல்வார்கள். ஆறடி மரம் என்றால் சுற்றளவு 72 அங்குலம். அதை 3.14 ஆல் பிரித்தால் விட்டம் 23 அங்குலந்தான். எட்டடி மரம் 30½ அங்குலம். மனதுக்குள் ஆறடி என்ற எண் பெரிதாக நிற்பதால் பாரும் பெரிதாகிவிடுகிறது. விழுந்த மரத்தின் கீழால் அளவுநாடா போகாது. கட்டுக்கம்பியின் நுனியைக் கொக்கிபோல வளைத்து அடியால் தள்ளி, மறுபக்கம் பிடித்து இழுத்துச் சுற்றி, பிறகு அந்தக் கம்பியை நிலத்தில் நீட்டி அளந்தால் போதும். எங்கே அரியப்போகிறீர்களோ அங்கேதான் அளக்கவேண்டும். மருதும் பழம்புளியும் அடியில் புடைத்து மடிப்புமடிப்பாக இருக்கும்; நாலடி மேலே போனாலே விட்டம் நன்றாகக் குறைந்துவிடும். வேரடியை அளந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் தேவையில்லாத நாலைந்து அங்குலத்துக்குக் காசு கொடுக்கிறார்.

ஒரே பக்கத்தில் நின்று ஒரே ஓட்டத்தில் அரிய வேண்டுமானால் பார் விட்டத்தைவிட 2 அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் மாறி நின்று அரிந்தால், 20 அங்குலப் பார் 36 அங்குல மரத்தையும் முடித்துவிடும். முதல் வெட்டின் கோட்டைச் சுண்ணக்கட்டியால் மரத்தைச் சுற்றி வரைந்துவிட்டு மறுபக்கம் போனால் இரண்டு வெட்டும் ஒன்றில் ஒன்று வந்து சேரும். கோடு போடாமல் கண்மதிப்பில் அரிந்தால் நடுவில் ஒரு படி விழும். விறகுக்குப் பரவாயில்லை, தீராந்திக்கும் பலகைக்கும் அந்தக் குற்றி பழுது. மறுபக்கம் போகவே முடியாதபடி, கட்டின் சரிவிலோ வாய்க்காலுக்குக் குறுக்காகவோ மரம் கிடந்தால் நீளப் பாருக்கு நியாயம் உண்டு. அதற்கும் முன்னால் மண்வெட்டியும் கத்தியும் எடுத்துப் பத்து நிமிடம் இடம் துப்புரவாக்கிப் பாருங்கள்.

கடையில் இன்னொரு குழப்பம். பாரைக் கழற்றி நுனி முதல் வால்வரை அளந்து, அந்த அளவைச் சொல்லிப் புதியது கேட்பார்கள். பாரின் அளவு என்று சொல்லப்படுவது மெசினுக்கு வெளியே நிற்கும் நீளம். உள்ளே போல்ட்டில் மாட்டும் பகுதி அதில் சேராது.

இனி எஞ்சின். சேதம் மெதுவாக நடப்பதால் ஆட்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. 45 முதல் 50 சீசீ மெசினுக்கு 16 அங்குலம், மிஞ்சினால் 18. 60 சீசீக்கு 20. ஸ்டில் எம்எஸ் 381 போன்ற 72 சீசீ மெசினில் 20 அங்குலம் இலகுவாக ஓடும். 24, 25 வரை தாங்கும். 30க்கு மேல் வேண்டுமானால் 90 சீசீக்குக் குறையாத மெசின் வேண்டும். 5800 என்று எழுதி 22 அங்குலப் பாரோடு மலிவாக விற்கிற மெசின்களும் உண்டு. வேம்பின் கொப்பில் அவை ஓடும், காய்ந்த பாலையில் திணறும். ஏன் என்று செயினைப் பார்த்தால் விளங்கும். பிட்ச் என்பது செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு. 3/8 அங்குலப் பிட்ச் செயினில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டுப்பல். 20 அங்குல மரத்துக்குள் ஒரே நேரத்தில் 13 பல் கடிக்கும். 30 அங்குலத்துக்குள் 20 பல். எஞ்சின் அதேதான், இழுக்கவேண்டிய பல் ஒன்றரை மடங்கு. பாலை, முதிரை, வீரை போன்ற வைரமரங்களில் அந்தச் சுமை இன்னும் ஏறும். செயின் வேகம் குறையும், வெட்டுத்தூள் செதிலாக வராமல் மாவாக வரும், ஆள் கைப்பிடியை அமத்துவார், கிளச் வழுக்கிச் சூடேறும். கருகின மணம் வந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது. நீளப் பாரை விடமுடியாது என்றால், பற்களை இடைவிட்டு வைத்த செயின் கேளுங்கள். 84 ஓட்டுப்பல் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பல்) உள்ள 24 அங்குலச் செயினில் வழமையாக 42 வெட்டுப்பல்; இடைவிட்டதில் 28 தான். தூள் வெளியேறவும் இடம் கிடைக்கும்.

நீளம் கூடினால் ஒயிலும் கூட வேண்டும். சின்ன மெசினின் ஒயில் பம்ப் 16 அங்குலத்துக்கு அளந்து செய்தது. 22 அங்குல நுனிவரை அதனால் நனைக்க முடியாது. சோதிப்பது சுலபம்: வெளிறிய அடிக்கட்டையின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார் நுனியைப் பிடித்து, அரை வேகத்தில் சில விநாடி ஓடவிடுங்கள். ஒயில் கோடாகத் தெறித்து விழவேண்டும். கோடு விழாவிட்டால் முதலில் ஒயில் துளையையும் பாரின் பள்ளத்தையும் துப்புரவாக்குங்கள். அப்படியும் வராவிட்டால் அந்தப் பார் அந்த மெசினுக்கு நீளம். ஒரு தாங்கி பெற்றோல் முடியும்போது ஒயில் தாங்கியும் ஏறத்தாழக் காலியாகியிருக்கவேண்டும். மோட்டர்சைக்கிளில் வடித்த கழிவொயிலை ஊற்றுவது இங்கே பரவலான பழக்கம். அதிலிருக்கும் இரும்புப்பொடி பம்பையும் பாரையும் தின்னும், தோலுக்கும் கூடாது.

"20 அங்குலச் செயின் ஒன்று" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பிட்ச், தடிப்பு, ஓட்டுப்பல் எண்ணிக்கை மூன்றும் பொருந்தவேண்டும். 3/8 பிட்ச் 20 அங்குலத்துக்குப் பெரும்பாலும் 72 ஓட்டுப்பல்; .325 என்றால் 76, 78, 80 என்று மாறும். ஓட்டுப்பல்லின் தடிப்பு பெரும்பாலும் 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என்று மூன்று. 1.3 செயினை 1.6 பள்ளத்தில் போட்டால் சரிந்து ஓடி வெட்டு வளையும். பழைய செயினைக் கையோடு கொண்டுபோய் எண்ணிக் கொடுப்பது நல்லது.

நிற்கும் மரத்தில் நுனி எங்கே போகிறது என்று தெரியும். விழுந்த மரத்தில் நீளப் பாரின் நுனி மறுபக்கத்தில் எதைத் தொடுகிறது என்று தெரியாது. மறைந்த கொப்பில் நுனியின் மேற்பாதி பட்டால் மெசின் கண்ணிமைக்க முன் முகத்துக்குத் திருப்பி அடிக்கும். மண்ணைத் தொட்டால் அடிக்காது, ஆனால் சில விநாடியில் அத்தனை பல்லும் மழுங்கும். குற்றிக்குக் கீழே கட்டை அடுக்கி நிலத்திலிருந்து உயர்த்துங்கள். முடியாவிட்டால் முக்காற்பங்கு அரிந்து, குற்றியைப் புரட்டி மீதியை அரியுங்கள்.

இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கும் மரம் மேலே நெருங்கும், கீழே இழுபடும். மேலிருந்து மூன்றில் ஒன்று அரிந்து, மீதியைக் கீழிருந்து அரியவேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் மாறி: முதலில் கீழ், பிறகு மேல். முறை தவறினால் மரம் பாரைக் கடித்துக்கொள்ளும். நீளப் பாரென்றால் கடிபடும் நீளமும் கூட. வெட்டுக்குள் ஆப்பு இறக்குங்கள். முதிரைத் துண்டில் செதுக்கியதோ பிளாஸ்டிக்கோ போதும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் போய்விடும். வேர்த்தட்டோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தை அரிந்ததும் வேர்த்தட்டு பழையபடி நிமிர்ந்து விழலாம். அந்தக் குழியருகே ஆளோ பிள்ளைகளோ நிற்கவே கூடாது.

வன்னிப் பகுதி மரங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: உள்ளே புதைந்த துப்பாக்கிச் சன்னமும் செல் துண்டும். 2009இல் போர் முடியுமுன் காயப்பட்ட மரங்கள் அந்தக் காயத்தின் மேல் வளர்ந்து மூடியிருக்கும். பட்டையில் முண்டு, வெட்டுமுகத்தில் கருநீலக் கறை, சட்டென்று ஒரு பொறி: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்தி ஓரடி தள்ளி அரியுங்கள். இப்படிப்பட்ட மரத்துக்குப் புதுச் செயினைப் போடாமல், அரம்போட்டுத் தேய்ந்த பழையதைப் போடுவது சிக்கனம். மிதிவெடி எச்சரிக்கையாக மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கமென்றால் எந்த மெசினோடும் போகவேண்டாம். வேரோடு புரண்ட மரம் அடியில் கிடந்ததையும் புரட்டிப் போட்டிருக்கும்.

பனைக்கு 16, 18 அங்குலமே தாராளம். ஆனால் உள்ளிருக்கும் சோற்றியின் நார் செயின் மூடிக்குள் அடைத்து ஒயிலை உறிஞ்சும். மூன்று, நாலு வெட்டுக்கு ஒருமுறை மெசினை நிறுத்தி, மூடியைக் கழற்றி நாரை எடுக்கவேண்டும்.

70 சீசீ மெசின் ஒன்று, 20 அங்குலப் பார் ஒன்று, அதற்கு மூன்று செயின். குளக்கட்டு வேலைக்கென்று 25 அங்குலப் பார் ஒன்று, அதற்கு ஒரு செயின். காசை இப்படிப் பிரித்தால் ஒரு மாரி ஓடும். செயின் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். ஒரே பக்கமாக விட்டால் கீழ் விளிம்பு மட்டும் தேயும். தேய்ந்த பாரில் எவ்வளவு கூரான செயினைப் போட்டாலும் வெட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் போகும்.