சென்னையில் பழைய வீடா? முதல் சொந்தக்காரரைத் தேடும் வழி

மயிலாப்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ கொள்ளுத்தாத்தா காலத்து வீடு இருக்கிறது, அதைக் கட்டியது யார் என்று தெரியவேண்டும் என்றால் பெரியவர்களிடம் கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முதலில் பீரோவைத் திறந்து பத்திரங்களை எடுங்கள்.

கடைசிக் கிரயப் பத்திரத்தில், இந்தச் சொத்து இன்னாரிடமிருந்து இன்ன தேதியில் இன்ன நம்பர் பத்திரப்படி வந்தது என்று ஒரு பத்தி இருக்கும். அந்த நம்பரைப் பிடித்து முந்தைய பத்திரத்துக்குப் போனால் அதிலும் அதே மாதிரி ஒரு பத்தி, இப்படியே தாய்ப்பத்திரம் (கைக்குக் கிடைக்கிற மிகப் பழைய மூலப் பத்திரம்) வரை போகலாம். நடுவில் ஒன்று இல்லையா, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், ஆன்லைனில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் என்றால் நேரில் மனுப் போடவேண்டியதுதான்.

கதவு எண்ணை நம்பாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். தெருப் பெயரும் அப்படித்தான்: இன்றைய ராமகிருஷ்ண மடம் சாலை அன்றைக்கு பிராடீஸ் ரோடு, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் (நாலு பக்கமும் யார் சொத்து, எது தெரு என்ற விவரம்) பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பத்திரத்திலேயே ருசியான இடம் நான்கெல்லைதான். உங்கள் பத்திரம் தொலைந்தே போயிருந்தாலும், பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு" என்று உங்கள் வீட்டின் பழைய சொந்தக்காரர் பெயர் உட்கார்ந்திருக்கும்.

தொடர்பு எங்காவது அறுந்தால் அங்கே ஓர் உயில் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்றில்லை, அதனால் வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம். ஆனால் 1870-இல் வந்த இந்து உயில்கள் சட்டம் சென்னை நகருக்கும் பொருந்தியதால், பல குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியிருக்கின்றன. அந்த வழக்குக் கோப்பில் வாரிசுகள் பெயர், சொத்துப் பட்டியல் எல்லாம் கிடைக்கலாம்.

அப்புறம் வீட்டையே பாருங்கள். மங்களூர் ஓட்டில் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-இல், அதனால் அவர்கள் ஓடு அதற்கு முந்தியதாக இருக்காது. ஆனால் ஓட்டை நடுவில் மாற்றியிருப்பார்கள், அதை மட்டும் வைத்து வீட்டுக்கு வயது சொல்லாதீர்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கட்டிய தோட்ட பங்களா என்றால் பாதை வேறு. அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி 1790-களில் கட்டிய மாளிகை, இன்றைக்கு இசைக் கல்லூரி இருக்கிறதே, அந்த மாதிரி வீடுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்தான் தேடவேண்டும்.

பழைய பத்திரங்கள் கூட்டெழுத்தில் (எழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கி எழுதும் முறை) இருக்கும், சிலவற்றில் தமிழ் எண்களும் வரும். வயதான பத்திர எழுத்தர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாதி நேரம் மிச்சம்.