தோட்டமண்ணில் நுண்பிளாஸ்ரிக்: மண்புழுவை எண்ணி, மண்ணைக் கழுவிப் பார்க்கும் முறை

மிளகாய்க்கு விரித்த கறுப்புப் பொலித்தீன், யூரியாப் பையின் தையல் நூல், மீள்குடியேறிய காலத்துத் தரப்பாள், மண்மூட்டைச் சாக்கு எல்லாம் வன்னி வெயிலில் நொருங்கி மண்ணோடு கலக்கின்றன. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டுகளே நுண்பிளாஸ்ரிக். இவை மண்புழுவைக் கொல்லுமா என்று கேட்டால் ஆய்வாளர்களிடம் ஒரே பதில் இல்லை. எவ்வளவு கிடக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆகவே உங்கள் மண்ணில் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில், மழை விட்ட மறுநாட் காலையில் தொடங்குங்கள். கோடையில் புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டுவிடும்; அப்போது எண்ணினால் மண் செத்துவிட்டது என்று தவறாக நினைப்பீர்கள். உழுது பயிர் செய்துவரும் நிலத்தில் மட்டும் தோண்டுங்கள். வெடிபொருள் அகற்றி உறுதிசெய்யாத காணியில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம்.

ஐந்து இடங்களில் 20 சென்ரிமீற்றர் நீளம், அகலம், ஆழம் உள்ள கிடங்கு வெட்டி, மண்ணை வெள்ளைத் துணியில் கொட்டிக் கையால் உதிர்த்துப் புழுக்களைப் பொறுக்குங்கள். ஆழத்தில் இருப்பவற்றுக்கு, 2 லீற்றர் நீரில் 20 கிராம் கடுகுத்தூள் கரைத்துக் கிடங்கில் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். மேலே வரும் புழுக்களை உடனே நல்ல நீரில் கழுவி விடுங்கள். ஐந்து கிடங்கின் மொத்தத்தை ஐந்தால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கான தொகை வரும். உடலில் தடித்த வளையம் உள்ளவை வளர்ந்தவை. அவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

அன்றைக்கே, அதே மண்வகையில், பொலித்தீன் படாத, ஆனால் உழுது பயிர் செய்துவரும் வேலியோரத்திலும் இதைச் செய்யுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் தோட்டத்து எண்ணிக்கை எதையும் சொல்லாது. அடிக்கடி உழுதல், காய்ந்த மண், காபோபியூரான் போன்ற பூச்சிகொல்லி ஆகியவையும் புழுவைக் குறைக்கும். பழியை நேராகப் பிளாஸ்ரிக்கில் போட்டுவிட வேண்டாம்.

இனி மண்ணைக் கழுவுதல். ஐந்து கிடங்கு மண்ணையும் கலந்து, பருத்தித் துணியால் மூடி நிழலில் உலர்த்தி, 500 கிராம் எடுங்கள். ஒரு லீற்றர் நீருக்கு 360 கிராம் வீதம் கல்லுப்புக் கரையுங்கள். ஆனையிறவு உப்பு போதும். உப்பிலும் தூசி இருக்கும், துணியில் வடித்த பிறகே பாவியுங்கள். ஒன்றரை லீற்றர் உப்புநீரை மண்ணோடு கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கலக்கி, இரவு முழுக்க ஆடாமல் வைத்து, மிதப்பதைத் துணியில் வடியுங்கள். இன்னும் இரு தடவை இப்படிச் செய்யுங்கள்.

வேரும் கரித்துண்டும் சேர்ந்தே மிதக்கும். தையல் ஊசியைச் சூடாக்கித் தொட்டால் பிளாஸ்ரிக் உருகிச் சுருங்கும், வேர் கருகும். பொலியெஸ்ரர் சட்டையோடும் பிளாஸ்ரிக் வாளியோடும் இந்த வேலை செய்தால் உங்கள் சட்டை நூலையே எண்ணுவீர்கள். மண் போடாமல் உப்புநீரை மட்டும் ஒருமுறை வடித்து, அதில் வருவதைக் கழியுங்கள். பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் மிதக்கும்; பி.வி.சி. குழாய்த் துருவலும் பொலியெஸ்ரர் நூலும் அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாதவை ஆய்வுகூட வேலை. எனவே கிடைப்பது குறைந்தபட்சக் கணக்கே.

பொறுக்கியதை 0.01 கிராம் காட்டும் நகைத்தராசில் நிறுங்கள். 0.05 கிராம் வந்தால் 0.01 சதவீதம்.

இதை எதோடு ஒப்பிடுவது? 2016இல் நெதர்லாந்து ஆய்வொன்றில், புழு தின்னும் இலைச்சருகில் 28 சதவீதமும் அதற்கு மேலும் பொலித்தீன் கலந்தபோது 60 நாளில் இறப்புக் கூடியது. அவ்வளவு எந்தத் தோட்டத்திலும் இராது. 2017இல் வேறொரு குழு மண்ணில் 0.1 சதவீதம் வரை கலந்தது. புழு சாகவில்லை, குஞ்சும் குறையவில்லை, ஆனால் உட்திசுக்களில் சேதம் தெரிந்தது. 2019இல் அதே 0.1 சதவீதத்தில் இன்னொரு வகைப் புழு எடை குறைந்தது. மூன்றிலும் பாவித்தவை ஐரோப்பியப் புழுக்கள். நம் செம்மண் புழுவும் அப்படியேதான் நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஒரு ஏக்கரின் மேல் 20 சென்ரிமீற்றர் மண் ஏறத்தாழ 1000 தொன். 0.1 சதவீதம் என்றால் ஒரு தொன் பிளாஸ்ரிக். ஒரு ஏக்கரை முழுதாக மூடும் 20 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) தடிப்புள்ள தாளோ 75 கிலோ அளவுதான். பதின்மூன்று போகத் தாளை அப்படியே மண்ணில் விட்டால்தான் அந்த அளவு வரும். பயந்து தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, ஆனால் வருடாவருடம் உழுது புதைப்பவர்கள் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். நொருங்கியதைப் புழுவே வளைவழி கீழே கொண்டுபோகும். பிறகு எந்தச் சல்லடையாலும் எடுக்க முடியாது.

ஆதலால் தாள் முழுசாக இருக்கும்போதே, அறுவடை முடிந்த கையோடு, ஈரமண்ணில் சுருட்டி எடுங்கள். மெல்லிய தாள் கையோடு கிழியும். 25 மைக்ரோனுக்குக் குறையாததை வாங்குங்கள். சுழல்கலப்பையை அதன்மேல் ஓட்டவோ, மூலையில் போட்டு எரிக்கவோ வேண்டாம். பசளைப் பையின் தையல் நூலை முழுதாக உருவிச் சேருங்கள். வெளியில் வாங்கும் கூட்டெருவை 5 மில்லிமீற்றர் கம்பிவலையில் சலியுங்கள். உக்கும் என்று விற்கும் பி.எல்.ஏ. (தாவர மாப்பொருளில் செய்த பிளாஸ்ரிக்) தாள், ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள எருக்கும்பியில்தான் ஒழுங்காக உக்கும், தோட்டத்தில் கிடந்து நாளெடுக்கும். வைக்கோல், பனையோலை, சீமைக்கிளுவை இலை கிடைத்தால் மூடுபடைக்கு அவையே மேல். புழுவுக்கு அது சாப்பாடும்கூட.

ஐந்து கிடங்கின் இடத்தையும் வரப்பிலிருந்து அடி அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த மார்கழியில் அவற்றுக்கு ஒரு மீற்றர் தள்ளி வெட்ட வேண்டும்.