ட்ரிபிள் ஈயா, கம்ப்யூட்டர் சயின்ஸா: பாடத்திட்டத்தைப் படித்து முடிவெடுக்கும் முறை

பொறியியல் கலந்தாய்வில் மின்னியலா (ட்ரிபிள் ஈ), கணினி அறிவியலா என்று தயங்கும் மாணவர்கள் கட்-ஆப் பட்டியலைப் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கப்போகும் பாடங்களைப் பார்ப்பவர்கள் குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் இணையத்தில் கிடைக்கிறது. இரு துறைகளுக்கும் அதை இறக்கி, மூன்றாம், நான்காம் பருவங்களை ஒப்பிட்டுப் படியுங்கள். முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், நிரலாக்கம் எனப் பெரும்பகுதி பொதுவானது என்பதால், அதை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது.

முதலில் கவனிக்க வேண்டியது கணிதம். கணினி அறிவியலின் அடித்தளம் தருக்கம், புள்ளிகளும் இணைப்புகளுமான கோட்டுருக்கள், எண்ணும் முறைகள் ஆகியவை அடங்கிய தனிநிலைக் கணிதம்; மின்னியலுக்கோ கலப்பெண்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் இறுதிவரை கூடவே வரும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களையே மீண்டும் எடுத்துப் பாருங்கள். இயற்பியலில் மாறுதிசை மின்னோட்டப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டுமே மனப்பாடம் செய்தவருக்கு மின் இயந்திரவியலும் மின்சக்தி அமைப்புப் பகுப்பாய்வும் பாரமாகவே இருக்கும். கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தை விரும்பிப் போட்டவர் கணினிப் பக்கம் தயங்காமல் போகலாம்.

அடுத்தது, எதைக் கல்லூரிக்கு வெளியே கற்க முடியும் என்பது. தரவுக் கட்டமைப்பையும் இயங்குதளத்தையும் ஒரு மடிக்கணினியும், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புக் காணொளிகளும் இருந்தால் விடுதி அறையிலேயே படித்துவிடலாம். மூன்று கட்டத் தூண்டல் மோட்டாரைச் சுமையேற்றி அளக்க ஆய்வகம் வேண்டும். ஐ.டி. நிறுவனங்கள் பல துறையினரையும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், பொறியியல் பட்டதாரிகள் எழுதும் தேசிய அளவிலான கேட் தேர்வின் மின்னியல் தாளைக் கொண்டு நிரப்பும் மின்பொறியாளர் பணிக்குக் கணினிப் பட்டத்தோடு போக முடியாது. ஆகவே இரண்டும் சமமாகப் பிடிக்கும் என்பவருக்கு மின்னியலையே சொல்வேன். மென்பொருள்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டவர், கட்-ஆப் இடம் கொடுத்தால், மின்னியல் படித்து ஐ.டி.க்குப் போகும் சுற்றுவழியை எடுக்க வேண்டாம். பகலில் மின்காந்தப் புலமும் இரவில் அல்காரிதமும் படிப்பது பேச்சில் தோன்றுவதைவிடக் கடினம்.

ஏற்கெனவே மின்னியலில் சேர்ந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. 2021 ஒழுங்குமுறைப்படி சேர்ந்தவர்களுக்கு மூன்றாம் பருவத்தில் சி மொழியும் தரவுக் கட்டமைப்பும் கட்டாயப் பாடமாகவே வருகின்றன. அதில் கை பழகியதா என்று பார்த்துவிட்டு, கூடுதலாக 18 கிரெடிட் படித்து வேறொரு துறையில் மைனர், அதாவது துணைத் துறை, பட்டம் பெற முயலலாம். விருப்பப்பாடங்களில் மின்வாகனம், உள்பொதி அமைப்புகள் (கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகள்) போன்ற தொகுப்புகள் இரு துறைகளும் சந்திக்கும் இடங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: பாடத்திட்டத்தில் அச்சாகியிருக்கும் விருப்பப்பாடங்கள் அத்தனையும் எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பதில்லை. ஆசிரியரும் போதிய மாணவர்களும் இருந்தால்தான் வகுப்பு நடக்கும் என்பதால், சென்ற ஆண்டு உண்மையில் எவை நடந்தன என்று இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்ட பிறகு விருப்பப்பாடப் படிவத்தை நிரப்புங்கள்.