அமெரிக்க அதிபரின் அறிவிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று அறிவது எப்படி?

அமெரிக்க அதிபர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார் என்ற செய்தி வந்ததும், விசாவை நம்பி அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களை அன்றிரவே பதற்றம் பற்றிக்கொள்கிறது. அதிபரின் முடிவைச் செயலாக்குபவர்கள் அமைச்சர்களும் அவர்களுக்குக் கீழுள்ள சுமார் 20 லட்சம் கூட்டாட்சி ஊழியர்களும்தான் என்பதால், அறிவிப்பு அவர்களிடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில், ஆணை யாருக்கு இடப்பட்டது, அவரை என்ன செய்யச் சொல்கிறது என்பதை மூல ஆவணத்திலேயே படியுங்கள். 2017 ஏப்ரல் 18 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, அதிகத் திறனோ அதிக ஊதியமோ உள்ளவர்களுக்கு எச்-1பி விசா (வெளிநாட்டுத் திறன்மிகு பணியாளர்களுக்கான விசா) கிடைக்கும்படியான சீர்திருத்தங்களை முன்மொழியுமாறு வெளியுறவு, நீதி, தொழிலாளர், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய நான்கு துறைகளின் தலைவர்களைக் கேட்டுக்கொண்டது. அன்று எவருடைய விசாவும் மாறவில்லை.

அடுத்து, அமைச்சர் வாய்மொழியாகச் சொல்வதையும் துறை எழுத்தில் தருவதையும் பிரித்துப் பாருங்கள். இந்தியாவில் அமைச்சரவை கூட்டாக முடிவெடுத்து மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கிறது. அமெரிக்காவிலோ 15 துறைத் தலைவர்களும் அதிபரால் தெரிவு செய்யப்பட்டு, நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதலுடன் பதவியேற்பவர்கள்; அவர்கள் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களாக இருக்க முடியாது. அவர்களிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்கும் அதிகாரத்தை அதிபருக்கு அரசியலமைப்புச் சட்டம் தருகிறது. அந்தக் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது.

2025 செப்டம்பர் 19 அன்று, எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் விதிக்கும் பிரகடனம் வெளியானபோது, அது ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகை என்று வணிகத் துறை அமைச்சர் கூறினார். மறுநாள், அது ஒருமுறை மட்டுமே செலுத்தும் கட்டணம் என்று வெள்ளை மாளிகை தெளிவுபடுத்தியது. புதிய விண்ணப்பங்களுக்கே அது பொருந்தும் என்று குடியேற்றச் சேவை அமைப்பு குறிப்பாணை வெளியிட்டது. பிரகடனம் 21-ஆம் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. ஆகவே எல்லா அறிவிப்பும் மெதுவாகத்தான் நகரும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆனாலும், அது யாரைத் தொடும் என்பதைத் திட்டவட்டமாகச் சொன்னது துறையின் குறிப்பாணைதான்.

ஏற்கெனவே உள்ள விதியை மாற்றுவதாக இருந்தால் பாதை நீளமானது. கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் எச்-1பி ஊழியர்களின் துணைவர்கள் வேலை செய்ய அனுமதிக்கும் எச்-4 விதி 2015 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை நீக்கும் எண்ணத்தை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2017-இல் தன் விதித் திட்டப் பட்டியலில் சேர்த்தது; வரைவு 2019 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் மேலாண்மை, நிதிநிலை அலுவலகத்துக்குப் பரிசீலனைக்குப் போனது; அரசிதழான ஃபெடரல் ரிஜிஸ்டரில் வெளிவராமலேயே 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. இந்தக் காலம் முழுவதும் அந்த விதியின்கீழ் வேலை செய்யும் உரிமை நீடித்தது. இதுபோன்ற பரிசீலனைகளின் நிலையை அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

இந்தத் தாமதத்தை அதிகாரிகளின் முட்டுக்கட்டை என்று பழிப்பது தவறு. அதிபரோடு வந்து போகும் அரசியல் நியமனங்கள் சுமார் 4,000 மட்டுமே. 1883-இன் பெண்டில்டன் சட்டம் தொடங்கிவைத்த தகுதிவழிப் பணிமுறையில் சேர்ந்து, ஆட்சி மாறினாலும் பணியில் தொடர்பவர்களே பெரும்பான்மையினர். சட்டத்தின் எல்லையையும் பழைய விதியை நம்பியிருப்போரின் நிலையையும் ஆராய்ந்து, நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய காரணங்களை எழுதித் தருவதே அவர்கள் அதிபருக்குச் செய்யும் பெரிய உதவி. சிறுவயதில் அமெரிக்காவுக்கு அழைத்து வரப்பட்டவர்களை நாடுகடத்தலிலிருந்து காக்கும் திட்டத்தை ரத்து செய்த முடிவை, துறை போதிய காரணம் காட்டவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் 5-4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. ரத்து செய்யும் அதிகாரம் துறைக்கு உண்டு என்பதில் அங்கே தகராறே இல்லை.

முன்மொழியப்பட்ட விதி ஃபெடரல் ரிஜிஸ்டரில் வந்துவிட்டால், வழக்கமாக 30 முதல் 60 நாள் வரை பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. இந்த விதி உங்கள் குடும்பத்தை எப்படிப் பாதிக்கும் என்று குறிப்பாக எழுதுங்கள், ஏனெனில் முக்கியமான கருத்துகளுக்குத் துறை இறுதி விதியில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இறுதி விதியில் நீங்கள் முதலில் தேட வேண்டியது, அது அமலுக்கு வரும் தேதி.