ஆளுமை வகையை அறிந்த பின் செய்ய வேண்டியவை

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவரை ஊரே அண்ணாச்சி என்று அழைக்கிறது என வைத்துக்கொள்வோம். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. ஆனால் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு நடந்த வீட்டுக்குப் போனால் மருத்துவச் செலவைத்தான் விசாரிப்பார், மகளின் முகம் வாடியிருந்தால் காரணம் கேட்கும் முன்பே தீர்வு சொல்வார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங், 1921இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ நூலில், இத்தகையவரைப் புறமுகச் சிந்தனை வகையில் சேர்த்திருப்பார்.

மனத்தின் செயற்பாடுகளைச் சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என நான்காகவும், அவை ஒவ்வொன்றும் அகம் நோக்கியோ புறம் நோக்கியோ இயங்குவதால் மனிதர்களை எட்டு வகையாகவும் யுங் பிரித்தார். இணையத்தில் உலவும் பதினாறு வகைகள், பின்னாளில் அமெரிக்காவின் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் விரித்தெடுத்தவை. சிந்தனைக்கு எதிர்முனை உணர்வு. புலனறிவுக்கு எதிர்முனை உள்ளுணர்வு. ஒன்று ஓங்கி வளரும்போது அதன் எதிர்முனை பழக்கமின்றிப் பின்தங்கிவிடும். இங்கே உணர்வு என்பது அழுகையோ கோபமோ அன்று, அவை உணர்ச்சிகள். ஒன்று நமக்கு எவ்வளவு மதிப்புள்ளது என்று எடைபோடுவதையே யுங் உணர்வு என்றார்.

முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரங்களுக்கு மாலைதோறும், தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையிலோ வீட்டுத் திண்ணையிலோ அமர்ந்து, அன்று களைப்பின்றிச் செய்த வேலையையும், நீங்கள் நீங்களாக இல்லாமற்போன நேரத்தையும் எழுதுங்கள். முன்னது உங்கள் வகையைக் காட்டும். பின்னதே அதிகப் பயன் தருவது என்பேன், ஏனெனில் பின்தங்கிய செயற்பாடு அங்கேதான் தலைகாட்டுகிறது.

அதை வளர்க்கப் பெரிய முயற்சி வேண்டாம். எதிர்காலத் திட்டங்களிலேயே மிதக்கும் உள்ளுணர்வுக்காரர் ஒருநாள் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைத்துப் பார்க்கலாம். கடைசியில் ஊற்றும் முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும் என்பதால், கண்ணும் மூக்கும் அடுப்பை விட்டு அகல முடியாது. நம் அண்ணாச்சி, துட்டி கேட்கச் சென்ற வீட்டில் யோசனை ஏதும் சொல்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

அடுத்தது யுங் நிழல் என்று சொன்னது, அதாவது நம்முடையதென ஏற்க மறுத்து ஒதுக்கிய குணங்கள். யார்மீது அளவுக்கு மீறி எரிச்சல் வருகிறதோ அவருடைய குணத்தை ஒரே சொல்லில் எழுதி, அது உங்களிடம் எந்த வடிவில் இருக்கிறது என்று தேடுங்கள். உண்மையிலேயே உங்களுக்குத் தீங்கு செய்தவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. தேடும்போது பழைய துயரம் கிளர்ந்து தூக்கம் கெட்டால், நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

முகமூடியை, அதாவது ஊருக்கு நாம் காட்டும் முகத்தை, யுங் பழிக்கவில்லை. கடைக்கு அண்ணாச்சி தேவை. அவர் வீட்டுக்குள்ளும் அண்ணாச்சியாகவே நுழைவதுதான் சிக்கல். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு நான் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

முழுமை என்று யுங் கருதியது குறையின்மையை அன்று. ஒதுக்கியவற்றையும் சேர்த்துக்கொண்டு வாழ்வதை. அது வாழ்வின் பிற்பாதியில் நிகழும் நீண்ட வேலை என்பதால் அவசரம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து, உங்களோடு வாழ்பவரிடம் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதை மறுத்துப் பேசாமல் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.