இ-சேவையில் விண்ணப்பித்தும் லஞ்சம் கொடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைக் கவனியுங்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த புரோக்கர், "ஃபைல் தாலுகா ஆபீஸில் நிற்குது, இன்னும் 1,500 கொடுத்தால்தான் நகரும்" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அக்கா கையில் ஒப்புகைச் சீட்டுகூட இல்லை. எப்படியோ விண்ணப்ப எண்ணை மட்டும் கேட்டு வாங்கி, இ-சேவை இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். சான்றிதழ் தயாராகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. எஸ்எம்எஸ்ஸும் போயிருந்தது, புரோக்கரின் செல்போனுக்கு.

பெரிய தவறு இதுதான். இ-சேவையில் முதன்முறை விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயர், முகவரி, செல்போன் எண்ணை வைத்து 'கேன் எண்' (CAN, விண்ணப்பிப்பவருக்கான அடையாள எண்) பதிவு செய்வார்கள். அதில் யாருடைய செல்போன் எண் இருக்கிறதோ, அவருக்குத்தான் ஓடிபி வரும், தகவலும் வரும். "என் நம்பரையே போட்டுக்கிறேன்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வீட்டில் பட்டன் போன் இருந்தாலும் போதும், எஸ்எம்எஸ் வந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்பு காகிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. விஏஓவிடமா, ஆர்.ஐ.யிடமா (வருவாய் ஆய்வாளர்), தாசில்தாரிடமா? அதைத் தெரிந்துகொள்ளவே ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. இன்று விண்ணப்ப எண்ணைத் தட்டினால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிகிறது. அந்த எண்ணையும் செல்போனையும் இன்னொருவர் கையில் கொடுத்தால் பழைய கதைதான்.

அடுத்தது, ஆவணங்களில் அலட்சியம். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு இனிஷியல், ஸ்கேன் செய்த பக்கத்தில் பாதி எழுத்து மங்கல். இப்படிப் போனால் விண்ணப்பம் திரும்பத்தான் செய்யும். திரும்பிய பிறகு "அதை நான் பேசி முடிக்கிறேன்" என்று ஒருவர் வந்து நிற்பார். அனுப்பும் முன் திரையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். நிராகரித்தால் காரணத்தைப் படித்து, சரிசெய்து மறுபடி போடுங்கள். வருமானச் சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய்தான். இரண்டாம் முறை கட்டினாலும் புரோக்கர் கேட்பதில் சிறு பங்குகூட ஆகாது.

கடைசி நேரத்தில் ஓடுவதும் அப்படித்தான். ஜூன் மாதம் சேர்க்கை என்றால் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். அவசரத்தில் இருப்பவரிடம்தான் தைரியமாகக் கேட்பார்கள்.

சான்றிதழை அச்செடுத்து, "ஒரு சீல் போட்டுக் கொடுங்க சார்" என்று அலுவலகத்துக்குப் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். சீல் தேவையில்லை. பட்டா, சிட்டா விவரங்களையும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.

ஆன்லைன் வந்துவிட்டது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் நம்பிவிடாதீர்கள். நிலத்தை உட்பிரிவு செய்து, அதாவது பிரித்து, பட்டா மாற்ற வேண்டுமென்றால் சர்வேயர் நேரில் வந்து அளந்துதான் ஆக வேண்டும். அங்கே நேருக்கு நேர் பேச்சு வருகிறது, பணப் பேச்சும் வருகிறது. நியாயமே இல்லாமல் தாமதமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று பொதுவாகக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். "என் விண்ணப்பம் எந்தத் தேதியில், எந்த அலுவலரிடம் இருந்தது?" என்று தேதிவாரியாகக் கேளுங்கள்.

நேரடியாகவே பணம் கேட்டால், கொடுத்துவிட்டுப் புலம்புவதுதான் பலரும் செய்யும் தவறு. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு விலக்கு உண்டு. பணம் கைமாறும் முன்பே 1064-க்கு அழைத்து லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்வது இன்னும் நல்லது. அவர்கள் நீங்கள் கொடுக்கவேண்டிய நோட்டுகளில் பினாப்தலின் என்ற ரசாயனப் பவுடர் தடவித் தருவார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், பணத்தைத் தொட்டதற்கு அதுவே ஆதாரம்.