பவுச் நனைந்தே வெளியே வருகிறதா? பல் கிளினிக் ஆட்டோகிளேவ் (நீராவியால் கருவிகளின் கிருமி நீக்கும் மிஷின்) செய்முறை

மிரர், ப்ரோப், ஸ்கேலர், ஃபோர்செப்ஸ் எல்லாம் பேஷண்ட் வாயிலிருந்து வெளியே வந்ததும் ரத்தம் காய விடக்கூடாது. உடனே கழுவ நேரமில்லையா, என்சைம் கரைசலில் ஊறப் போடுங்கள். அப்புறம் அல்ட்ராசோனிக், அதாவது ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் தொட்டி. கையால் தேய்ப்பது எனக்குப் பிடிக்காது, ஸ்கேலர் முனை ரப்பர் கையுறையைக் கூடக் கிழித்துவிடும். அழுக்கு ஒட்டியிருந்தால் எந்தச் சூட்டிலும் வேலைக்காகாது என்பது தெரிந்ததுதான். கழுவி, துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்துத்தான் பவுச்சில் (ஒரு பக்கம் பேப்பர், மறுபக்கம் பிளாஸ்டிக் உள்ள உறை) போட வேண்டும். கத்தரி, ஃபோர்செப்ஸ் வாய் திறந்தே இருக்கட்டும்.

இனிதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். எங்கள் கிளினிக்கில் பவுச்சுகள் சொதசொதவென்று வந்துகொண்டே இருந்தன. மிஷின் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூட வரவழைத்தோம், ஆனால் விஷயம் அடுக்குவதில் இருந்தது. பவுச்சுகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் நீராவி நடுவே நுழையாது, நுழைந்தாலும் வெளியேற வழியில்லை. புத்தக அலமாரி மாதிரி ரேக்கில் நிறுத்தி வையுங்கள், ஒன்றின் பேப்பர் பக்கம் அடுத்ததன் பிளாஸ்டிக் பக்கத்தைப் பார்க்க, இடையில் விரல் நுழையும் இடைவெளியோடு. அடுத்து, டிரையிங் முடியும் முன் அவசரத்தில் கதவைத் திறக்காதீர்கள். நனைந்த பேப்பர் வழியே கிருமி உள்ளே இறங்கும், எனவே ஈரமான பவுச்சைத் துடைத்து எடுத்து வைக்காமல் புதுப் பவுச் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நேரம்: நீராவியால் காற்றைத் தள்ளும் சாதாரண மிஷின் என்றால் 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், பவுச் போட்டதற்கு 30 நிமிடம். அந்தச் சூடு வந்த பிறகுதான் கணக்கு ஆரம்பம். காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் உள்ள கிளாஸ் பி மிஷினில் 134 டிகிரியில் சில நிமிடங்களே போதும். ஹேண்ட்பீஸ் (பல்லைக் குடையும் கருவி) போல உள்ளே குழாய் உள்ளவற்றுக்குக் காசு சேர்த்தாவது கிளாஸ் பி வாங்குங்கள் என்பேன். தண்ணீர் டிஸ்டில்ட் மட்டும். போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைத் திட்டு கருவியிலும் மிஷினிலும் படியும்.

பின்சேர்க்கை: பலரும் கேட்டது, சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பில் கோடு கறுத்துவிட்டதே, போதாதா? போதாது. சூடு பட்டது என்பதை மட்டும்தான் அது சொல்லும். வாரம் ஒருமுறை ஸ்போர் குப்பியை (சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகள் உள்ளது) லோடின், அதாவது உள்ளே போட்ட கருவிகளின் நடுவில் வைத்து ஓட்டி, கிருமி வளரும் வெதுவெதுப்பில் வைக்கும் இன்குபேட்டரில் வையுங்கள். நாங்கள் வாங்கும் குப்பி ஊதாவாகவே இருந்தால் சரி, மஞ்சளானால் கிருமி சாகவில்லை, அந்த லோடு செல்லாது. ஆட்டோகிளேவில் போடாத ஒரு குப்பியையும் இன்குபேட்டரில் அதன் பக்கத்தில் வைக்க மறக்காதீர்கள். அது மஞ்சளாகவில்லை என்றால் குப்பியோ இன்குபேட்டரோ பழுது, மற்றதன் ஊதாவை நம்ப முடியாது.